எரிவு நின்ற மனிதர்

கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், வாய்வழியாகக் குழாய்க் கமெரா விட்டு வயிற்றைப் பார்க்கிற கமெரா அறையில் நேர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளாமல் என்ன செய்யும்? வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பிளேன்ரீயும் பணிசும் முடித்துவிட்டு வந்து, "அது சாப்பாடில்லையே மிஸ்" என்று நிற்கிற சனத்தோடு மாரடித்தவள்.

அந்தச் சனத்தில் முதல் இடம் முரசுமோட்டைச் சிவராசாவுக்கு. வயல், சொந்த ட்ராக்டர், ஊரில் பெரிய மனிசன். வருடக்கணக்கான நெஞ்செரிவைச் சோடா குடித்தே சமாளித்தவர். கமெரா விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் அடிப்பகுதி நிறம் மாறியிருந்தது. துணுக்கு எடுத்துச் சோதித்த பயொப்சியில் ‘பரெட்ஸ்’ என்ற நோய் என்று வந்தது.

"அப்ப கான்சரோ மிஸ்?"

"இல்லை. அமிலம் மேல வந்து வந்து உள்தோல் மாறியிருக்கு. கனபேருக்கு இது கான்சராகிறேல்லை, சிலருக்கு ஆகும். ஆருக்கெண்டு கமெராவிலதான் நேரத்தோட பிடிக்கலாம். குளிசையைப் போடுங்கோ. எரிவு நிண்டாலும் மாறின தோல் அப்பிடியே இருக்கும், கூப்பிடேக்க வாங்கோ."

எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். போன கையோடு, எரிவு நின்றால் காவடி எடுப்பதாக வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். குளிசை தன் வேலையைச் செய்தது, எரிவு நின்றது. கோயில் பொங்கல் திருவிழாவில் காவடியும் எடுத்தார். அதற்குப் பிறகு குளிசையை மட்டும் பாமசியில் வாங்கிப் போட்டுக்கொண்டு கமெராவைத் தலைமுழுகிவிட்டார்.

ஒருநாள் சந்தையில் மனைவியோடு அகப்பட்டார்.

"ஏன் வரேல்லை?"

"எரிவே இல்லை மிஸ். அம்மன் மாத்திப்போட்டா. இனியும் கமெரா விட்டா அவாவை நம்பாத மாதிரியெல்லோ."

"அம்மன் கேட்டது காவடி. கமெராவுக்குப் போகாதை எண்டு அவாவோ சொன்னவா? ட்ராக்டருக்குச் சத்தம் வரமுதலே ஒயில் பாக்கிறியள். உங்கட தொண்டைக்கு அந்த மரியாதையும் இல்லையோ?"

சிரித்து மழுப்பிவிட்டுப் போனார். மனைவி சிரிக்கவில்லை.

பிறகு அவர் வந்தது சோறு இறங்காமல். இந்தமுறை கமெரா விட்டுச் சோதித்த டொக்டர் கான்சர் என்றே சொன்னார். சிவராசா, ஏமாற்றப்பட்டவர் போல என்னைப் பார்த்தார்.

"ஆனா மிஸ், எரியேல்லையே."

"நானாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்," என்றார் மனைவி. "அம்மன் கோவிப்பா எண்டு பயந்திட்டன்."

எத்தனையோ பேரை ஏசிய நான், அன்றைக்கு அந்த மனிசிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

கமெரா அறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, எரிவு நின்றதும் வராமல் விடுபவரைத் தேடிப் பிடித்து ஏசுங்கள். பக்கத்தில் நிற்கிற மனைவிக்கும் கேட்கிற மாதிரி ஏசுங்கள். சோறு இறங்காமல் வந்தபிறகு ஏசுவதற்கு ஒன்றும் இருக்காது.