இன்னும் ரெண்டே புள்ளி

போன வாரம் இடுப்பு வலி என்று ரங்கூன் கியாக்டடாவில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தேன், பழைய பழக்கம். ஒரு வாசனையும் இல்லை. அங்கிருந்த பெண் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை ஒரு தரம் பார்த்தாள், ஒரு குமிழைத் திருப்பினாள், ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“கதிரு சரியா இருக்குன்னு எப்பிடிம்மா தெரியும்?” என்று கேட்டேன்.

“அட்டவணையில போட்டிருக்கு ஊலே. மூச்சப் பிடிங்க.”

ஊலே என்றால் இங்கே மாமா. மூச்சைப் பிடித்தேன்.

வாசனை என்றேனே, அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை வாசனை. இடி விழுந்த இடத்தில் ஒரு காரமான வாடை வருமே, அதுதான். மின்சாரம் திறந்த கம்பிகளில் ஓடியது. மின்சாரத்தைச் சீர்படுத்தும் சக்கரம் ஒன்று கடகடவென்று சுற்றும். மழைக்காலத்தில் ரங்கூன் ஈரத்துக்குக் கம்பிகள் சீறும். காலையில் சாப்பிட்ட மொஹிங்காவின் மீன் வாசம்கூட அந்த வாடையில் காணாமல் போய்விடும்.

நான் அங்கே குமாஸ்தா. கணக்கில் புலி, மற்ற பாடங்களில் எலி என்பதால் காலேஜ் என்னைப் பாதியிலேயே வழியனுப்பி வைத்திருந்தது. ஒருநாள் பெரிய டாக்டர், கப்பலில் வந்த பத்திரிகையோடு என்னைக் கூப்பிட்டார். எக்ஸ்ரே குழாயிலிருந்து வருவது ஒரே மாதிரிக் கதிர் இல்லையாம். தோலோடு நின்றுவிடும் மெத்துக் கதிர் முதல் எலும்பைத் துளைக்கும் கெட்டிக் கதிர் வரை எல்லாம் கலந்து வருகிறதாம். எது எத்தனை பங்கு என்று வரைந்தால், மெத்துப் பக்கம் உயரத்தில் தொடங்கி, கெட்டிப் பக்கம் நேர்கோடாகச் சரிந்து இறங்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். நம் குழாய் அந்தக் கணக்குக்கு அடங்குகிறதா என்று நான் பார்க்க வேண்டும். அடங்கினால் ஒரு அட்டவணை போட்டுவிடலாம். அப்புறம் யாரும் கையை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

கை என்றதும் ஞானமுத்து வந்துவிடுகிறான். தாமுவே பேட்டைக்காரன், மிஷன் பள்ளியில் படித்தவன், என் வயது. எக்ஸ்ரே எந்திரத்தை ஓட்டியவன் அவன்தான். எங்கள் குழாய்க்குள் துளிக் காற்று இருக்கும். அது கூடக் குறைய, கதிரின் குணமும் மாறும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அதனால் ஞானமுத்து தன் இடது கையைக் குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே நீட்டி, எலும்பின் நிழலைப் பார்த்துப் பதம் சொல்வான். வெல்லப் பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரிதான்.

நான் அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்குவேன். அவற்றைத் தாண்டி வரும் கதிர் பட்டு, கண்ணாடிக் கூட்டுக்குள் மின்னேற்றத்தில் விரிந்து நிற்கும் தங்க ரேக்கு எத்தனை நொடியில் இறங்குகிறது என்று எழுதுவேன். ஒரு அளவுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் குழாய் முந்தின நாள் பதத்திலேயே இருக்க வேண்டும். “இன்னும் மெத்தாத்தான் இருக்கு கணக்கு, பொறு,” என்பான். கணக்கு என்பது எனக்கு அவன் வைத்த பெயர். அத்தாட்சிக்காக ஒவ்வொரு நாளும் ஒரு கண்ணாடிப் படத்தகட்டின் மூலையில் அவன் கை பதியும்.

கையை நீட்டுவது ஆபத்து என்று டாக்டருக்குத் தெரியும். இறந்த ஒருவரின் கை எலும்பை மெழுகில் பதித்து இதற்கென்றே சீமையில் விற்றார்கள். அதில் ஒன்றை வரவழைத்தார். அதை வைத்து எடுத்த அன்றைக்கு என் புள்ளிகள் கோட்டிலிருந்து விலகின. மூன்று மாத உழைப்பு ஆயிற்றே என்று நான்தான் அதை வந்த பெட்டியிலேயே போட்டு மூடி மேசைக்கடியில் தள்ளினேன்.

ஞானமுத்து சிரித்தான். “செத்தவன் கையி நேத்தைக்கு இருந்தத ஞாபகம் வச்சிருக்குமா?”

“பெட்டிக் கைதானே?” என்று தகட்டைப் பார்த்து டாக்டர் கேட்டபோது, ஆமாங்க என்றேன். தகட்டில் எலும்புக்கு எலும்பு. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நல்ல மழை நாள் ஒன்றில் ஞானமுத்து கையை என் தாள்மேல் வைத்தான். முட்டிகளில் தோல் வெடித்திருந்தது. நகங்கள் கறுத்திருந்தன.

“எரியுது கணக்கு. அந்தப் பெட்டியத் தொறப்பமா?”

“இன்னும் ரெண்டே புள்ளிதான் ஞானம்,” என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டு போய்த் திரைமுன் நீட்டினான். அந்த ரெண்டு, பதினொன்று ஆயிற்று.

கெட்டிப் பக்கம் என் கோடு கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. மெத்துப் பக்கம் மட்டும் வளைந்து கீழே விழுந்தது. மெத்துக் கதிரில் பெரும்பங்கைக் குழாயின் கண்ணாடியே விழுங்கிவிடுகிறது, வெளியே வரும் மிச்சமும் படத்தகடு வரை போவதில்லை என்றார் டாக்டர். அந்த மிச்சத்துக்கு எதிரே ‘பொருட்படுத்த வேண்டியதில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அது எங்கே போய் நின்றது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அவன் தோலில் நின்றது.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டோடு எடுத்தார்கள். தாமுவே வீட்டுக்குப் பார்க்கப் போனேன். துண்டைப் போட்டுக் கையை மூடியிருந்தான்.

“கோடு நேரா வந்துச்சா?”

“வந்துச்சு ஞானம்.”

“அப்ப சரி. இனிமே எவனும் கைய நீட்ட வேணாம்.”

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் இல்லை. டாக்டரிடம் நான் சொன்ன பொய்யை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சக்கரம் போயிற்று, வாடை போயிற்று, காற்றுக் குழாயும் போயிற்று. படத்தகடுகளைச் சோடா போட்ட வெந்நீரில் கழுவி, சன்னல் கண்ணாடிக்கென்று விற்றுவிட்டார்கள். இன்றைக்கும் தாமுவே பக்கம் போனால் என் கண் சன்னல்களின் மூலைக்குத்தான் போகும்.

போன வாரம் அந்தப் பெண் படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு முகம் சுளித்தபடி வந்தாள். “கைய ஏன் ஊலே நீட்டுனீங்க? படத்துல விழுந்திருச்சு. இன்னொண்ணு எடுக்கணும்.”

நீட்டியது எனக்கே தெரியாது. கெட்டுப்போன படத்தைக் கெஞ்சி வாங்கி வந்தேன். இப்போது சன்னலில் சாத்தி வைத்திருக்கிறேன். மூலையில் ஒரு இடது கை. என்னுடையது. ஐந்து விரலும் முழுசாக இருக்கின்றன.