சந்தனம் வைத்த சிவப்பு விளக்கு

கடுகு டப்பாவில் ஒரு சின்ன பல்பு வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நுனி அளவுதான். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்துப்போனது. தாளிக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். வைக்கவில்லை. தட்டுப்படட்டும் என்றுதான் அங்கே போட்டேன்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள் அணைத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. பாதித் தேயிலைக் காடு அந்தப் பக்கம். கொழுந்து பறிக்கப் போகும் எங்களுக்குச் சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரம், போட்டில் போனால் பத்து நிமிஷம். அந்தப் போட்டை என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். போட் காண்ட்ராக்டருடையது. எஞ்ஜின் ஒரு பழைய ஜீப்பில் இருந்து கழற்றி மாட்டியது, அவரைவிட அதற்கு வயது கூட. ஒயர்கள் எல்லாம் ஒட்டுப் போட்டவை. எந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் சாவியைப் பாதி திருப்பி நிறுத்துவார். ஸ்டியரிங் பக்கத்துப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் முழுசாகத் திருப்புவார். எஞ்ஜின் எடுத்ததும் விளக்கு அணைந்துவிடும். "இது எரியோணும், அப்புறம் அணையோணும். ரெண்டும் நடந்தா ஊடு போய்ச் சேந்துருவோம்" என்பார். நான் அதை ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கல்யாணமான புதிதில் அவர் குடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் தன் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து விட்டுவிட்டார். அத்தை அந்தச் சத்தியத்தை ஒரு சொத்து மாதிரி வைத்திருந்தார். ஆனாலும் சாயந்திரம் மகன் உள்ளே நுழையும்போது கொஞ்சம் மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பார். அவரும் வேண்டுமென்றே அத்தை முகத்துக்கு நேராக ஊதிக் காட்டுவார். "பெட்ரோல் வாசம்தானுங்க அம்மா, குடிக்கல" என்பார். மூவரும் சிரிப்போம்.

ஆயுத பூஜை அன்று போட்டைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலை. ஸ்டியரிங்குக்கு மேலே சாமி படத்துக்கு ஒரு சின்ன பல்பு உண்டு. அது அன்று ஃபியூஸ் போயிருந்தது. ஊட்டி மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வர லீவும் இல்லை, நேரமும் இல்லை. பூஜை நாளில் சாமி இருட்டில் இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். சிவப்பு விளக்குக்குள் இருந்ததும் அதே மாதிரி பல்புதான். நாள் முழுக்க அணைந்தே கிடக்கும் விளக்குக்கு எதற்கு பல்பு என்று தோன்றியது. அதைக் கழற்றிச் சாமிக்குப் போட்டேன். சாமியின் கெட்ட பல்பை அங்கே மாட்டினேன். அவர் கண்டுபிடித்துக் கேலி செய்வாரே என்று சிவப்புக் கண்ணாடி மேல் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். சம்பளம் வந்ததும் புதிது வாங்கி மாட்டிவிடலாம் என்று இருந்தேன்.

சாமி விளக்கு எரிவதைப் பார்த்து, பல்பு ஏது என்று கேட்டார். மார்க்கெட் போன பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வாங்கினேன் என்று பொய் சொன்னேன். மறுநாள் காலை சாவியைப் பாதி திருப்பிவிட்டு, சந்தனத்தைத் துடைக்க விரலைக் கொண்டுபோனார். "ஏனுங்க, பூஜைக்கு வெச்சதத் தொடைக்காதீங்க, அதுவா உதிரட்டும்" என்றேன். விரலை எடுத்துக்கொண்டார். "சரி, உனக்காச்சு உன் சாமிக்காச்சு" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் எஞ்ஜின் முக்கி முக்கிக் கிளம்பியது. குளிர் என்று நினைத்தார். பேட்டரி முனையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார், பேட்டரித் தண்ணீர் ஊற்றினார். ஐந்தாம் நாள் சாயந்திரம், மழை மூட்டம். எங்களை இந்தக் கரையில் இறக்கிவிட்டு, கங்காணியையும் கொழுந்து மூட்டைகளையும் ஏற்றிவரத் தனியாகத் திரும்பினார். மூடுபனியில் போட் மறைந்தது, சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அக்கரை சேர்ந்துவிட்டார் என்று நினைத்து நான் உலை வைக்கப் போய்விட்டேன். சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

போட் வரவே இல்லை என்று கங்காணி சுற்றி நடந்து வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை, தண்ணீரில் முழுகிய பழைய மரக்கட்டைகளுக்கு நடுவே போட் சிக்கி நின்றது. அவர் நீந்திப் பார்த்திருக்கிறார். கரைக்கு நாலு கை தூரத்தில் கிடந்தார். ஐப்பசித் தண்ணீர், கை கால் விறைத்துப்போயிருக்கும்.

போட்டில் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான் என்று காண்ட்ராக்டர் எல்லார் முன்னும் சொன்னார். அத்தை வீட்டுக்கு வந்து தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தலை மேல கை வெச்சானே" என்றார். கருமாதி முடிந்த பிறகும் மகன் படத்துக்கு அவர் ஒரு விளக்கு ஏற்றவில்லை. நான் ஏற்றினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போட்டைச் சரி பண்ண ஊட்டியில் இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். முதலில் அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "இது பேட்டரித் தண்ணியுங்க" என்று காண்ட்ராக்டரிடம் நீட்டினார். டேங்கில் பெட்ரோல் பாதி இருந்தது. பேட்டரி செத்திருந்தது. தன் பேட்டரியை மாட்டினார், எஞ்ஜின் உடனே பிடித்தது. காயில் நல்லா இருக்கு, பாயிண்ட் நல்லா இருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. எஞ்ஜினை நிறுத்தி, சாவியைப் பாதியில் வைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் போகும் சின்ன ஒயரில் லாம்ப்பை வைக்கச் சொன்னார். எரியவில்லை. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்து மேலே வந்தார். அது சிவப்பு விளக்கில் வந்து முடிந்தது. பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஃபியூஸ் போயிருக்கு. இது வழியா கரண்ட் போனாத்தான் ஆல்டர்னேட்டர் முழிச்சுக்கும். இல்லாட்டி பேட்டரி இருக்கற வரைக்கும் ஓடும், அப்புறம் பொறி குடுக்கற காயிலுக்குக் கரண்ட் இல்லாம எஞ்ஜின் நடுத்தண்ணியில நின்னுரும்."

"அப்ப தெனமும் காலைல வெளக்கப் பாத்திருக்கோணும்ல" என்றார் காண்ட்ராக்டர். "பாக்கல. அவனோட கவனக்கொறவுதானே?"

கண்ணாடியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் உதிரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். பல்பு தானாகவே போனது என்று ஆகிவிடும். பார்க்காமல் விட்டது அவர் என்று ஆகிவிடும்.

"அவரு பாக்கத்தான் போனாருங்க. நாந்தான் தொடைக்க வேண்டாம்னேன். பல்ப மாத்துனதும் நாந்தான்" என்றேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னைப் பார்க்காமல், சாமி படத்தில் இருந்த பல்பைக் கழற்றி அங்கே மாட்டினார். சந்தனத்தைச் சுரண்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். சிவப்பாக எரிந்தது. எஞ்ஜின் எடுத்ததும் அணைந்தது. கெட்ட பல்பை என் கையில் வைத்தார். வேறென்ன செய்வது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலில் இருந்தது தண்ணீர் என்பதைச் சொன்னேன். பல்பையும் சந்தனத்தையும் சொன்னேன். சத்தம் நின்றபோது நான் உலை வைக்கப் போனதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். ஒரே அடுப்பு, ஒரே கூரை. சோற்றைப் போட்டு வைப்பார், கூப்பிட மாட்டார்.

ஆனால் அன்று சாயந்திரமே மகன் படத்தைத் துடைத்து விளக்கு ஏற்றினார். இன்றும் ஏற்றுகிறார். நான் அடுப்பங்கரையில் கடுகு டப்பாவைத் திறந்து, பல்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடுகு எடுக்கும்போது அந்த வெளிச்சம் சுவரில் தெரியும். திரும்பிப் பார்க்காமல் தாளிப்பேன்.