நாலு இன்ச் உயரம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்த அத்தனை பேருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு என்னத்தை எழுத?

காரணம் என் ஜீப். இன்னும் சரியாகச் சொன்னால்… என் ரோஷம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எனக்கு ஐம்பத்து நாலு வயது. என் ஜீப்புக்கு முப்பத்தைந்து. ஃபோர் வீல் டிரைவ். வீட்டில் நான்தான் டிரைவர். என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைக் கண்டாலே வியர்க்கும். இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். ராஜபாளையம் தாண்டி, செட்டியார்பட்டி வழியாக மேற்கே போனால் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு தோப்பு. மாவும் தென்னையும்.

தோப்புக்குப் போகிற வழியில் ஒரு ஓடை. பாலம் கிடையாது. மழைக்காலத்தில் மலையிலிருந்து பாறைகள் உருண்டு வந்து கிடக்கும். போன வருஷம் அதில் ஒரு பாறை வண்டியின் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்றேன். டிராக்டர் வந்து இழுத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வண்டியை உயர்த்தியாக வேண்டும்.

முதலில் செல்வினிடம் போனேன். எங்கள் ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். பத்து வருஷமாக என் ஜீப்பைப் பார்ப்பவர்.

"நாலு இன்ச் தூக்கணும் செல்வின். டயரும் பெருசாப் போடணும்."

அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ரெண்டு இன்ச் போதும்க்கா. டயர் ஒரு சைஸ் கூடப் போட்டுக்கிடலாம். அதுக்கு மேல வேண்டாம்."

"ஏன்?"

"ஒசரம் கூடுனா வளைவுல சாயும். டயர் பெருசானா பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டியரிங் கனக்கும். நீங்க எம்புட்டு நேரம்க்கா அதோட மல்லுக்கட்டுவீய? பொறவு இந்த பிரேக் ஹோஸ் பாருங்க, வீலுக்கு பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய்… நாலு இன்ச் தூக்கி, வீலு ஒரு பள்ளத்துல இறங்கித் தொங்குச்சுன்னா இது எட்டாது. இழுத்துக் கிழிச்சிரும். நம்ம வண்டிக்கு நாலு வீலுக்கும் ஒரே லைன். ஒண்ணு கிழிஞ்சா அம்புட்டும் போச்சு."

ஒரு நல்ல மெக்கானிக் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வரிதான்: 'நீங்க எம்புட்டு நேரம்க்கா மல்லுக்கட்டுவீய?'

முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். பெட்ரோல் பங்கில், டோல் கேட்டில், ரிவர்ஸ் எடுக்கும்போது கைகாட்ட ஓடி வருகிற முன்பின் தெரியாத ஆண்களிடம்… இந்த வரியை எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன்? செல்வினுமா?

அடுத்த நாள் ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போனேன். ஜீப்புகளுக்கு அலங்காரமும் பலமும் சேர்க்கிற கடை. வீட்டுக்காரரும் கூட வந்தார். கடைக்காரர் நேராக அவரைப் பார்த்தே பேசினார்.

"சார், நீங்க எந்த மாதிரி ரோட்ல ஓட்டுவீங்க?"

"நான் எங்க ஓட்ட… இவதான் ஓட்டுவா."

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை சைக்கிள் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "மேடமா? அப்ப ரெண்டு இன்ச்சே ஜாஸ்தி சார். நாலு இன்ச்சுன்னா ஆம்பளைங்களே யோசிப்பாங்க."

அவ்வளவுதான்.

"நாலு இன்ச் போடுங்க. உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய டயர் எது?"

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "செல்வின் என்னமோ சொன்னாரே…"

"செல்வின் ஓட்டப்போறதில்ல."

கடைக்காரர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றினார், டயரை மாட்டினார், சுத்தமான வேலை. இரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார். "மேடம், முன்பக்கத்துக்கு நீளமான பிரேக் ஹோஸ் போடணும். கோயம்புத்தூர்ல இருந்து வரணும். நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்."

மறுநாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் அந்த வண்டியிலிருந்து நான் இறங்க வேண்டும். எல்லாரும் பார்க்க வேண்டும்.

"ஹோஸ் வரட்டும், பொறவு வந்து மாட்டிக்கிடுதேன். இப்ப சாவியக் குடுங்க."

ஹோஸ் சொன்னபடி வந்தது. அவர் இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் "நாளைக்கு வாரேன்" என்றேன். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதில் மூன்று வாரம் போனது தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை.

மத்தியானம் மூன்று மணி. தோப்பில் இருந்தேன். காலையிலிருந்து மலையில் மழை. தோப்பைப் பார்த்துக்கொள்கிற மாடசாமி தென்னை மட்டைக் குவியலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேச்சி பத்தடி தள்ளி நின்றாள். திடீரென்று மாடசாமி காலை உதறினார். சத்தம்கூடப் போடவில்லை. மட்டைக்குள் தடித்த உடம்பு ஒன்று நழுவிப் போனது. முதுகில் வரிசையாகப் புள்ளிகள். கண்ணாடி விரியன்.

கணுக்காலில் இரண்டு பொட்டு ரத்தம்.

காலில் இறுக்கிக் கட்ட பேச்சி முந்தானையைக் கிழிக்கப் போனாள். "கட்டாத பேச்சி. கால அசையாமப் பிடிச்சுக்கோ, போதும்" என்றேன். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். "ஓடைக்கு இந்தப் பக்கம் எங்க வண்டி வராதும்மா. தார் ரோட்டு முக்குல நிக்கிறோம். நீங்க அங்க கொண்டுவந்துருங்க" என்றார்கள்.

இரண்டு கிலோமீட்டர். நடுவில் ஓடை.

மாடசாமியைப் பின்னால் படுக்க வைத்தோம். பேச்சி அவர் காலை மடியில் பிடித்துக்கொண்டாள். ஓடைக்கு வந்தபோது தண்ணீர் காபி நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. ஃபோர் வீலை லோவில் போட்டு இறங்கினேன்.

சொல்லத்தான் வேண்டும்… வண்டி அருமையாகப் போனது. போன வருஷம் என்னை நிறுத்தி வைத்த பாறைகள் எல்லாம் அடியில் எங்கேயோ கிடந்தன. கரையேறும்போது மட்டும் இடது முன்சக்கரம் ஒரு குழிக்குள் தொப்பென்று இறங்கித் தொங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். மேட்டில் ஏறிவிட்டோம். மனசுக்குள் செல்வினைப் பார்த்து, 'பாத்தீயளா?' என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

மேட்டில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி தானாக நின்றது. வேகம் வேண்டுமே என்று லோவிலிருந்து ஹைக்கு மாற்றினேன். இரண்டாவது கியர். அங்கிருந்து தார் ரோடு வரைக்கும் இறக்கம்.

முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன்.

பெடல் தரையைத் தொட்டது.

மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. பஞ்சை மிதிப்பது போல. மிதிக்க மிதிக்க, கிழிந்த ஹோஸ் வழியாக மிச்சமிருந்த ஆயிலையும் நானே வெளியேற்றிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஓடைத் தண்ணீரில் ஊறியிருந்தது. வண்டி லேசாக இழுபட்டது, நிற்கவில்லை.

வளைவு வலது பக்கம் திரும்பும். இடது ஓரத்தில் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். கனத்தது. அந்தப் பெரிய டயர்கள் சேற்றைக் கவ்விக்கொண்டு திரும்ப மறுத்தன. இரண்டு கையாலும், தோளாலும், உடம்பாலும் இழுத்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. என் சீட் மேலே எழும்பியது. ஜன்னலில் வானம் தெரிந்தது.

"அக்கா… சாயுது… சாயுதுக்கா!" பேச்சியின் குரல்.

"பிடிச்சுக்கோ!"

அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் தெரியுமா? வலது சக்கரங்கள் மண்ணைத் தொட்ட சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது. கிணறு பின்னால் போய்விட்டது.

வேகம் குறையவில்லை. முதல் கியருக்கு இறக்க வேண்டும். கிளட்சை மிதித்து, நியூட்ரலில் ஒரு உறுமல் கொடுத்து, மறுபடி மிதித்துக் குத்தினேன். கடகடவென்று அலறிக்கொண்டு விழுந்தது. வண்டி முனகிக்கொண்டு தணிந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

எதிரே தார் ரோடு. முக்கில் ஆம்புலன்ஸ். ரோட்டில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. இடது பக்கம், தென்னை நார் அடிக்கிற களத்தில், ஆள் உயரத்துக்கு நார்த்தூள் குவித்திருந்தார்கள். நாலைந்து பெண்கள் அதன் பக்கத்தில் நின்றார்கள்.

ஹார்னில் கையை வைத்தேன். எடுக்கவில்லை. பெண்கள் சிதறி ஓடினார்கள். குவியலுக்குள் நேராக விட்டேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். இருட்டு. கண்ணாடி முழுக்க நார்த்தூள். எஞ்சின் விக்கி நின்றது. வண்டியும் நின்றது.

"மாடசாமி?" என்றேன். திரும்பிப் பார்க்கப் பயம்.

"இருக்கேன்க்கா," என்றது அவர் குரல். தும்மினார்.

களத்துப் பெண்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விஷம் ஏறியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். "இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க நானும் பேச்சியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். விடியற்காலையில் ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். அப்போதுதான் என் கை நடுங்க ஆரம்பித்தது.

ஜீப்பைக் கட்டி இழுத்து செல்வினிடம் கொண்டுபோனேன். அவர் கிழிந்த ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'அன்னைக்கே சொன்னேன்லா' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"ரெண்டு இன்ச் இருந்தா அந்தத் தண்ணியத் தாண்டியிருக்குமா செல்வின்?"

"தெரியலக்கா," என்றார். "தாண்டியிருக்கலாம். நட்டநடுவுல நின்னும் இருக்கலாம். நான் எப்படிச் சொல்ல? ஆனா எம்புட்டு தூக்குனாலும் நிப்பாட்டத் தெரிஞ்சிருக்கணும்லா. அதத்தான் அன்னைக்கு மொதல்ல சொல்லியிருக்கணும். ஸ்டியரிங் கனக்கும்னு சொன்னதுமே நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீய."

கவனித்திருக்கிறார்!

மட்டம் தட்டுகிற பேச்சும் அக்கறையான பேச்சும் ரோஷம் பிடித்த காதில் ஒரே மாதிரிதான் விழுகின்றன. கடைக்காரர் என்னைக் குறைத்து நினைத்தார். செல்வின் என் வண்டியைச் சரியாக அளந்தார். இரண்டுக்கும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். அந்தப் பதிலுக்காகக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வேறு இரண்டு பேர்.

இப்போது வண்டி இரண்டு இன்ச் உயரத்தில் நிற்கிறது. டயர் ஒரு சைஸ்தான் பெரிது. நான்கு பக்கமும் புது ஹோஸ்.

நேற்று மாடசாமியைப் பார்க்கப் போனேன். கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. பார்க்க வந்த எல்லாரிடமும், "அக்கா வண்டி ஒசரமா இருந்ததாலதான் நான் பொழச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது? உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்காகச் சாவியை வாங்கியது வரைக்கும். "அன்னைக்கு பிரேக்கே இல்ல மாடசாமி. அதுக்குக் காரணம் நான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பேச்சி அசையவே இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "நீங்க காலால மிதி மிதின்னு மிதிச்சதப் பின்னால இருந்து பாத்துக்கிட்டேதான இருந்தேன். இவிய பயந்துட்டா விஷம் தலைக்கு ஏறிரும்னு வாய மூடிக்கிட்டேன். சாயும்போதுதான் பொறுக்க முடியாமக் கத்திட்டேன்."

கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இருந்துச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்துச்சு. இப்ப இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணுக்கா. அடுத்த தடவ நீங்க பின்னால உக்காந்து இவியளப் பிடிச்சுக்கோங்க. வண்டிய நான் ஓட்டுதேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு முதல் கிளாஸ்: வண்டியை நிறுத்துவது எப்படி. ஓட்டுவது எப்படி என்பதை இரண்டாம் வாரம் பார்த்துக்கொள்வோம்.