வெள்ளம் ஏறாத தொழுவம்

சிங்கப்பூரின் பொத்தோங் பாசிரில் வெள்ளம் வடிந்ததும், அரசாங்க நிவாரணம் கேட்டு வாதாட ஒரு பால்காரர் என்னை அழைத்துச் சென்றார். எதைச் சொல்வதற்கு முன்பும் பால்பாத்திரத்தின் விளிம்பைத் தோள்துண்டால் துடைத்துக்கொள்ளும் நெடிய மனிதர். அவருடைய பசுக்களில் பாதி மாண்டிருந்தன. கல்லும் கரையும்படி நான் ஓர் உரை கட்டியிருந்தேன்.

அதிகாரியின் முகத்தைக் கண்டதும் அவர் விளிம்பைத் துடைத்தார். "மாடுங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க ஐயா. தொழுவத்துல தண்ணியே ஏறலை."

அவரை வெளியே இழுத்து வந்து வெகுண்டேன்.

"இந்த ஐயா வீட்டுக்கு நான்தான் தம்பி பால் ஊத்துறேன். வெள்ளத்துல நின்ன மாடுன்னு தெரிஞ்சா வாங்குவாரா?"

உள்ளிருந்து அதிகாரி கூவினார்: "நாளையிலேருந்து ரெண்டு போத்தல் சேர்த்து ஊத்துங்க! மத்தவங்க மாடெல்லாம் போயிருச்சு."

"ஆகட்டுங்க" என்று மறுபடியும் விளிம்பைத் துடைத்தார் அவர். மிஞ்சிய பாதி மாடுகளில் அந்த ரெண்டு போத்தலையும் எப்படிக் கறந்து ஊற்றினாரோ, என் தர்க்கத்துக்கு இன்றுவரை எட்டவில்லை.