ஒரு மூடி ஆயில்

கண்ணு மாமா, நீ போன பிறகு வீட்டில் உட்காரவே முடியவில்லை. உன் பழைய அம்பாசிடரை விற்கச் சொல்லி நம் மகள் நச்சரிக்கிறாள்.

மனசு கேட்காமல் இன்று ஆம்பூர் மெக்கானிக் பாயை வரவழைத்தேன்.

"ஈயம் இல்லாத பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஆகாதுன்னு, பங்க்ல ஒவ்வொரு தடவையும் அவரு ஒரு மூடி ஆயில் கலப்பாரு பாய். அது இன்னா ஆயில்னே எனக்குத் தெரியல. இனி வண்டி ஓடுமா?"

பாய் சிரித்தார்.

"அந்தப் பெட்ரோலைத் தாங்கற மாதிரி இன்ஜின் உள்ள இருக்கற வால்வு சீட்டை நான்தானேம்மா எப்பவோ மாத்தினேன்? வெறும் பெட்ரோலே போதும். அவருக்கும் அன்னைக்கே சொல்லிட்டேன்."

வண்டியை விற்கப்போவதில்லை.

ஆனால் எல்லாம் தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறையும் என்னை இறக்கி, "நீ மூடியைப் பிடி, உன் கைதான் ஆடாது" என்று எதற்கு மாமா, உன் பக்கத்திலேயே நிற்க வைத்தாய்?