தோல் திரைக்கு உள்ளே ஓர் ஆட்டம்

ஆம்பூரில் கோடை வந்தால் இரண்டு பேர் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று அமிர்தவள்ளி சொல்வாள். ஒன்று பாலாற்றுத் தண்ணீர், மற்றது மிஷன் வெள்ளைக்காரி மிஸ்ஸியம்மா. தண்ணீர் எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது. மிஸ்ஸியம்மா கோடைக்கானலுக்குப் போவாள். பங்குனி முடியும்போதே அவளுடைய வெள்ளை மூக்கு சிவந்து தோல் உரியத் தொடங்கிவிடும். பெட்டி கட்டுவாள். கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். மழைக்காற்று வந்த பிறகுதான் கூடமும் திறக்கும்.

அந்தக் கூடம் சபையார் கட்டியது. பலகையில் 'சிநேக நிலையம்' என்று எழுதியிருந்தாலும் தெருவில் அதற்குப் பெயர் மிஸ்ஸியம்மா கூடம். தையல் வகுப்பு, எழுத்து வகுப்பு, கைக்குழந்தைகளைத் தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்பது எல்லாம் அங்கேதான். கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை, அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். நல்ல உயரமான ஓட்டுக்கூரை. ஒரு பக்கம்தான் முழுச்சுவர்; மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவரும் தூண்களும். ஆற்றுப் பக்கத்துக் காற்று ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போகும்.

அமிர்தவள்ளி அதைப் பெருக்கித் துடைக்கிறவள். ஒடுகத்தூர்ப் பக்கத்தில் வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்த உடம்பு, அதற்கேற்ற குரல். புருஷன் துரைசாமிக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஆவாரம்பட்டைத் தொட்டியில் நாளெல்லாம் நின்று முழங்கால்வரை பழுப்பேறிய மனிதன், வாய் திறக்காத சுபாவம். "எங்க வூட்ல பேச்செல்லாம் ஒரே ஆள் குத்தகை" என்பான், அதுவும் அவள் பக்கத்தில் இல்லாதபோது. அவர்கள் வீடு தகரம் போட்ட ஒற்றை அறை. சித்திரை மாதத்தில் மாவைக் கரைத்து அங்கே வைத்தால் அடுப்பில்லாமலே இட்லி வெந்துவிடும். அந்த வரிசை முழுவதும் அப்படிப்பட்ட வீடுகள்தான். எதிரே அவ்வளவு பெரிய கூடம், அவ்வளவு நிழலோடு, பூட்டிக் கிடக்கும். வருஷா வருஷம் அதைப் பார்த்து விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளிக்கு அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், பொறுக்கவில்லை. மிஸ்ஸியம்மா பெட்டி கட்டும்போது போய் நின்றாள்.

"சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்கம்மா. நான் தொறந்து வெச்சுப் பாத்துக்கறேன்."

மிஸ்ஸியம்மா புத்தகத்தில் படித்த தமிழில் பேசுகிறவள். "அமிர்தவள்ளி, கலகம் உண்டானால் என்ன செய்வாய்?"

"நான் இருக்கிற எடத்துல இன்னொருத்தருக்குக் கலகம் பண்ண எடம் ஏதும்மா?"

மிஸ்ஸியம்மா சிரித்துவிட்டாள். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது சிரிக்கவில்லை. புகார் என்று ஒன்று வந்தால், அவள் இல்லாதபோது சபையைப் பார்த்துக்கொள்கிற மோசே உபதேசியார் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார். பிறகு எந்தக் கோடையிலும் கூடம் திறக்காது. அதுதான் நிபந்தனை.

அமிர்தவள்ளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தூங்கும்போதுகூட எடுக்கவில்லை. அதிகாரம் என்றால் அவளுக்குக் கொஞ்சம் ஆசைதான். அதுவரை அவளுடைய அதிகாரத்துக்குத் துரைசாமி ஒருவன்தான் ஊராக இருந்தான். இப்போது மூன்று தெரு கிடைத்தது. காலையில் பிள்ளைகள் பாட்டும் கதையுமாகக் கத்துவார்கள். வெயில் ஏறியதும் அவர்களை விரட்டிவிட்டுப் பெண்கள் பாயோடு வந்து படுப்பார்கள். குறட்டை விடுகிறவர்களுக்குக் கிழக்கு மூலை, பேன் பார்க்கிறவர்களுக்கு மேற்கு மூலை என்று அமிர்தவள்ளி சட்டம் போட்டிருந்தாள். மீறினவர்களைப் பாயோடு சேர்த்து இழுத்து இடம் மாற்றினாள்.

மோசே உபதேசியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒல்லியான மனிதர், குடையும் வேதப்புத்தகமும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "சபைப் பணத்துல கட்டினது ஜனங்க படுத்துத் தூங்கறதுக்கா?" என்று வாசலில் நின்று கேட்பார்.

"தூங்கறவங்க யாரும் பாவம் செய்யறதில்ல ஐயா" என்பாள் அவள். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார், ஆனால் மறக்கமாட்டார்.

கூடத்துக்கு வராதவர்கள் பின் சந்துக்காரர்கள் மட்டும்தான். அங்கே சாயபுமார் வீடுகள், பெண்கள் கோஷா, அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். துரைசாமி வேலை செய்த ஷாப்பின் மேஸ்திரி மஹபூப் பாஷா வீடும் அங்கேதான். அவன் மனைவி ஜஹீதா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருநாள் கேட்டாள்:

"அமிர்தக்கா, உங்க கூடத்துல காத்து ஜாஸ்தியாமே?"

"வந்து பாரேன்."

"மூணு பக்கமும் தொறந்து கெடக்குது. ரோட்டுல போறவன்லாம் பாப்பானே! இந்த வூட்ல வெந்து சாகணும்னு எழுதியிருக்குது, இன்னா பண்றது?"

அமிர்தவள்ளிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று பக்கமும் அடைக்க அவ்வளவு துணிக்கு எங்கே போவது?

சித்திரைக் கடைசியில் ஒரு சூறைக்காற்று அடித்தது. ஷாப்பில் தோல் காயப்போடும் கொட்டகையின் ஓலைக்கூரை முழுவதையும் தூக்கிக்கொண்டு போயிற்று. பதனிட்டு எண்ணெய் போட்ட ஈரத்தோலை நிழலில்தான் காயவிட வேண்டும். காற்று வேண்டும், வெயில் கூடாது. வெயில் பட்டால் நிறம் கறுத்து விலை போகாது. மஹபூப் பாஷா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான் என்று துரைசாமி வந்து சொன்னான். சொன்னவனுக்குத் தன் பெண்டாட்டி எதற்கு அப்படித் துள்ளி எழுந்தாள் என்று விளங்கவில்லை.

அவள் நேரே ஷாப்புக்குப் போனாள். "மேஸ்திரி பாய், எங்க கூடத்துல தூணுக்குத் தூணு கயிறு கட்டிக்குங்க. நெழலு, காத்து, ரெண்டும் இருக்குது. தோலை நெருக்கமா, சந்து இல்லாம மாட்டணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"கோயில் எடத்துல தோலா? உங்க உபதேசி ஐயரு பேஜார் பண்ணமாட்டாரு?"

"கோயில் அந்தாண்ட இருக்குது. இது கூடம்."

திங்கட்கிழமை மாட்டுவது, வெள்ளிக்கிழமை கழற்றுவது என்று பேச்சு. எதற்கு நெருக்கமாக மாட்ட வேண்டும் என்று மஹபூப் பாஷா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வாரமே கூடத்தைச் சுற்றி ஆட்டுத்தோல் மதில் எழும்பிவிட்டது. பட்டையும் எண்ணெயும் கலந்த வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. ஆனால் ஆம்பூரில் பிறந்த மூக்குக்கு அது ஒரு வாடையா? வியாழக்கிழமை மத்தியானம் பின் சந்திலிருந்து திரை போட்ட வண்டி ஒன்று வந்து படிக்கட்டோடு ஒட்டி நின்றது. ஜஹீதாவும் அவள் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் இறங்கினார்கள். உள்ளே வந்ததும் புர்காவைக் கழற்றி இடுப்புச்சுவரில் போட்டுவிட்டு, காற்றில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

மிஸ்ஸியம்மா மதராசிலிருந்து வாங்கி வந்த ரப்பர் வளையமும் வலையும் கூடத்துப் பெட்டியில் இருந்தன. வலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எறிய வேண்டும். கீழே விழாமல் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எதிராளிக்கு ஒரு கெலிப்பு. அவ்வளவுதான் ஆட்டம். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ஷாப்பில் தோல் சுமக்கிறவன் பெண்டாட்டி கோவிந்தம்மாள் நீளக்கைக்காரி, எட்டிப் பிடிப்பாள். ஜஹீதா குள்ளம், ஆனால் எங்கே எறிவாள் என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பேரில் யார் கெட்டி என்று மூன்று தெருப் பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அதைத் தீர்த்துவிடுவது என்று வைகாசியில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள்.

அன்றைக்குத்தான் ஷாப்பு முதலாளிக்கு மதராசிலிருந்து தந்தி வந்தது. சரக்கு அன்று சாயங்காலமே கூட்ஸ் வண்டியில் ஏற வேண்டும். மஹபூப் பாஷா மாட்டுவண்டியோடும் துரைசாமி முதலான ஆட்களோடும் கூடத்துக்கு வந்து சேர்ந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து குடையோடு மோசே உபதேசியார் வந்துகொண்டிருந்தார். கூடத்தைத் தோல்கிடங்கு ஆக்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"அமிர்தவள்ளி! வெளிய வா. சாவியைக் குடு" என்றார் உபதேசியார்.

"அமிர்தம்! தோலை அவுக்கணும்!" என்றான் மஹபூப் பாஷா.

தோலுக்குப் பின்னாலிருந்து அமிர்தவள்ளியின் குரல் வந்தது. அவ்வளவு குரலிலும் அன்றைக்கு ஒரு நடுக்கம் இருந்தது துரைசாமிக்கு மட்டும் கேட்டது. "இப்ப முடியாது. உள்ள கோஷா பொம்பளைங்க இருக்காங்க. கயித்துல யாரும் கைவெக்காதீங்க. ஐயா, நீங்களும் அங்கியே நில்லுங்க."

மஹபூப் பாஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூட்ஸ் போய்டும்! இந்த வெயில்ல வூட்டு வேலையை விட்டுட்டு இங்க குதிச்சிக்கினு இருக்கிறது எந்த வூட்டுப் பொம்பளைங்க?"

"ஷாப்பு மேஸ்திரி வூட்டுப் பொம்பளைங்கதான்" என்றது உள்ளிருந்து வேறொரு குரல்.

துரைசாமி குனிந்து மாட்டின் குளம்பில் ஏதோ தேடினான்.

"ஜஹீதா?" என்றான் மஹபூப் பாஷா, குரல் இறங்கி. "அக்கா வூட்டுக்குப் போறேன்னுதானே சொன்னே?"

"அக்காவும் இங்கதான் இருக்குது. பேசிக் காரியத்தைக் கெடுக்காதீங்க ஜீ. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, நான் கெலிக்கப் போறேன்."

"கெலிப்பே, கெலிப்பே! கனாவுல!" இது கோவிந்தம்மாள்.

கயிற்றை அவிழ்த்தால் சொந்தப் பெண்டாட்டியே ரோட்டுக்குத் தெரிவாள். மஹபூப் பாஷா வாயை மூடிக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தான். ஆட்களும் போய் உட்கார்ந்தார்கள். உபதேசியார் கொஞ்சநேரம் வெயிலில் நின்று பார்த்தார். சாவி உள்ளே, உள்ளே போக வழியில்லை. அவரும் வந்து வேரின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "ஆட்டம் முடிஞ்சதும் சாவி என் கைக்கு வந்தாகணும்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

உள்ளே 'தொப்'பென்று ஒரு சத்தம். பெண்கள் கூவினார்கள்.

"கீழ விழுந்துச்சு" என்றான் துரைசாமி.

"யாரு பக்கம்?" என்று மஹபூப் பாஷா கேட்டான், கேட்க விருப்பமில்லாதவன்போல.

"உங்க வூட்டுப் பக்கம் மேஸ்திரி. கோவிந்தம்மா சிரிக்குது பாருங்க."

மறுபடி ஒரு 'தொப்'. இந்தத் தடவை ஜஹீதாவின் சிரிப்பு தோலைத் தாண்டி வந்தது. மஹபூப் பாஷா நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவ சத்தம் போட்டுத் திட்டித்தான் கேட்டிருக்கேன் சாமி. சிரிப்பு இப்படி இருக்கும்னே தெரியாது" என்றான் உபதேசியாரிடம். அவர் வேதப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார், பக்கம் திருப்பவில்லை.

எண்ணிக்கை சமமாயிற்று என்று உள்ளேயிருந்து அமிர்தவள்ளி அறிவித்தாள். இனி ஒரே ஒரு கெலிப்பு. ஆட்கள் கோவிந்தம்மாள் கட்சி. மேஸ்திரிமேல் இருந்த பயத்தில் துரைசாமி எந்தக் கட்சியும் இல்லை. வளையம் போய் வந்துகொண்டிருந்த சத்தம் நீண்டுகொண்டே போயிற்று. உபதேசியார்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கோவிந்தம்மாள் எறிந்த வளையம் கைதவறிப் போய், தோலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியே வெளியே பறந்து வந்தது. வந்து மோசே உபதேசியாரின் மடியில், திறந்திருந்த வேதப்புத்தகத்தின்மேல் விழுந்தது.

"வெளிய போனது கணக்கில்ல! மறுபடி எறியணும்!" என்று உள்ளே கூச்சல். பிறகு அமிர்தவள்ளி: "யாரு அங்க? வளையத்தை எறிங்க!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "எறிங்க ஐயா" என்றான் துரைசாமி, அவனுக்கே ஆச்சரியமாக. உபதேசியார் வளையத்தைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் எறி தோலில் பட்டுத் திரும்பி விழுந்தது.

"ஒசர எறிங்க சாமி! கைய நல்லா வீசி!" மஹபூப் பாஷா எழுந்தே நின்றுவிட்டான்.

உபதேசியார் குடையைக் கீழே போட்டார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றினார். தலையைச் சாய்த்துக் கூடத்தைப் பார்த்து, ஒரு கண்ணை மூடி, வீசினார். வளையம் ஓட்டுக்குக் கீழே அழகாக வளைந்து உள்ளே இறங்கியது. ஆட்கள் கைதட்டினார்கள். உபதேசியார் முகத்தில் பதினெட்டு வயசு வந்துவிட்டுப் போயிற்று.

கெலித்தவள் ஜஹீதாதான். திரைவண்டி வந்து பெண்களை ஏற்றிப்போனது, தோல்கள் இறங்கின, கூட்ஸ் வண்டி எப்போதும்போல் தாமதமாக வந்ததால் சரக்கும் ஏறிவிட்டது. ஆட்கள் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே அமிர்தவள்ளி வெளியே வந்து உபதேசியார் முன்னால் நின்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"கேட்டீங்களே ஐயா."

உபதேசியார் சாவியைப் பார்த்தார். தோல் சுருட்டுவதை நிறுத்திவிட்டு எல்லாரும் தம்மையே பார்ப்பதைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்த எடைவெளிக்கு ஒரு சாக்குப் படுதா கட்டு. யார் மண்டையிலயாவது விழப்போவுது" என்றார். குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அதன்பிறகு வந்த வியாழக்கிழமைகளில் மத்தியானம் அவர் வேதப்புத்தகத்தோடு புளியமரத்தடியில் இருந்தார். வளையம் வெளியே வந்தால் எறிவதற்கு ஓர் ஆள் வேண்டாமா என்றார். சாக்குப் படுதாவை அமிர்தவள்ளி கட்டவேயில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆனி பிறந்து மிஸ்ஸியம்மா இறங்கி வந்தாள். கூடத்துக்குள் வந்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். "இது என்ன வாசனை?" என்றாள்.

"ஊர் வாசனைதாம்மா" என்றாள் அமிர்தவள்ளி.

மிஸ்ஸியம்மா உபதேசியார் பக்கம் திரும்பினாள். "புகார் ஏதேனும் உண்டா?"

அமிர்தவள்ளியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"ஒரே ஒரு புகார் இருக்குதம்மா" என்றார் மோசே உபதேசியார். "புளியமரத்தடியில ஆம்பளைங்க உக்கார ஒரு பெஞ்சு கெடையாது. அடுத்த கோடைக்குள்ள போட்டுக் குடுக்கணும்."