சீட் வேண்டாம், அப்பா வேண்டும் என்று கேட்ட நாள்

கோயில் வாசலை மிதிக்கவே நான் கூசிய ஒரு காலம் உண்டு. 1986ஆம் வருஷம். எனக்குப் பதினேழு வயது.

என் அப்பா சூசை, திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும். நத்தத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "சார், மெட்ராஸ்ல அந்தப் பெரிய இஞ்சினியரிங் காலேஜ்ல இவனுக்குக் கிடைக்குமா?" அப்பா மார்க்கைப் பார்ப்பார், நுழைவுத் தேர்வு எப்படி எழுதினான் என்று கேட்பார், செத்த நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடக்கும்.

அந்த வருஷம் நானும் எழுதியிருந்தேன். பள்ளியில் நான்தான் முதல் மார்க். நுழைவுத் தேர்வில் மட்டும், பழக்கப்படி ஒவ்வொரு கணக்கையும் முழுதாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிதான் தாண்டியிருப்பேன், மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி அழுதேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தாம்மா இருக்கும். உனக்குக் கிடைச்சாச்சுன்னு வச்சுக்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னார். எங்கள் கோயில் பங்கு மக்களிலிருந்து அந்தக் காலேஜுக்குப் போகப்போகிற முதல் பெண் நான் என்று பேச்சானது. என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள்.

நேர்முகத்துக்கான கார்டுகள் வரத் தொடங்கின. "கஷ்டம்தான்" என்று அப்பா சொல்லியிருந்த இரண்டு பையன்களுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பா இனிப்போடு வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். "சார் கணக்கே இந்தவாட்டி தப்பாப் போச்சே!" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. அவரோடு வந்த இன்னொருவர் தெருவில் இறங்கியதும் சொன்னார், "சொந்த மகளுக்கே சொல்லத் தெரியலை. ஊருக்குச் சொல்ல வந்துட்டாரு."

சுவருக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. என்னால்தானே அவருக்கு இந்த அவமானம்! கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். வாழ்த்தியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துப் பேசவும் இல்லை. கோபம் என்று நினைத்தேன். அவருக்கும் என் முகத்தைப் பார்க்க வெட்கம் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பினார். மதியம் பள்ளிக்கூடத்து ப்யூன் சைக்கிளில் வந்தார். "சாருக்கு உடம்புக்கு முடியலைங்களா? இன்னைக்கு வரலையே."

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அங்கே பழக்கடைக்காரர், "காலையிலேயே திருச்சி பஸ்ல ஏறுனாரும்மா. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலை" என்றார். திருச்சியில் எங்களுக்கு யாருமே இல்லை. எங்கே போய்த் தேடுவது?

அம்மா என் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனார். உள்ளே சில பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. தலையைத் தூக்காமலே முழங்காலில் விழுந்தேன். அத்தனை நாளும், "எப்படியாவது ஒரு கார்டு வரட்டும், எங்கள் மானத்தைக் காப்பாற்றும்" என்றுதான் வேண்டியிருந்தேன். அன்று அது வாயில் வரவில்லை. "ஆண்டவரே, சீட் வேண்டாம். ஊர் சிரிக்கட்டும். எனக்கு அப்பா வேண்டும்" என்றேன். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மூன்று மணி இருக்கும்.

வீடு திரும்பினோம். பொழுது சாய்வதற்குள் வாசலில் ஆடுகள் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து அப்பா இறங்கினார். வேட்டியெல்லாம் புழுதி. கூட இறங்கியவர் வெள்ளைச்சாமி என்ற ஆட்டு வியாபாரி.

அவர்தான் சொன்னார். "திருச்சி ரோட்டுல அய்யலூர்ச் சந்தையில ஆடு ஏத்தையில ஒரு குட்டி கயித்தை உருவிக்கிட்டு ஓடிருச்சு தாயி. தண்டவாளத்துப் பக்கம் வெரட்டிக்கிட்டுப் போனேன். மூணு மணி வண்டி வர்ற நேரம். பாலத்து மேல ஒரு ஆளு ஒத்தையில உக்காந்திருக்காரு. பாத்தா நம்ம வாத்தியாரய்யா!"

பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "ரெண்டு வருசத்துக்கு முந்தி எம் மவனுக்குக் கிடைக்காதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னீகளே, அய்யா. வலிச்சுச்சு. ஆனா நாங்க வீட்டுக்குத்தானே போனோம்? ஒண்ணாத்தானே சோறு தின்னோம்? நீங்க மட்டும் ஏன் வீட்டுக்கு வராம அங்க போய் உக்காந்தீக?"

அப்பா வாசல்படியிலேயே உட்கார்ந்து விம்மி அழுதார். "உன்னைய நம்ப வச்சு ஏமாத்திப்புட்டேன்மா" என்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "எனக்கு நீங்க போதும்ப்பா." அங்கே எதற்குப் போய் உட்கார்ந்தார் என்று நான் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூசைக்குப் போனோம். வெட்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. சீட் என்னாச்சு என்று ஒருவர் கேட்டதும் அப்பா, "மகளுக்குக் கிடைக்கலை. நான் போட்ட கணக்கு தப்பு" என்றார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. என் கையை விடவில்லை.

எனக்குக் கார்டு கடைசிவரை வரவில்லை. உள்ளூரிலேயே பி.எஸ்சி. கணக்கு படித்தேன், நானும் வாத்தியார் ஆனேன். அடுத்த வருஷமும் அப்பாவைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அப்போதும் மார்க்கைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதைச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பிள்ளையிடமும், "கிடைக்கலைன்னா நீ முதல்ல என்னையத்தான் வந்து பாக்கணும்" என்று சேர்த்துச் சொன்னார். வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடும் இருந்தது.

இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், என் ஆண்டவர் அப்பாவைத் திருப்பித் தந்ததை நான் எப்படி மறைப்பேன்? உங்களில் யாராவது அவமானத்தால் ஆண்டவர் முன்னால் வரக் கூசி நிற்கிறீர்களா? தலை நிமிர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். குனிந்த தலையோடே உள்ளே வாருங்கள். நான் அப்படித்தான் போனேன்.